தலைமடை காய்ந்த ஊர்

சென்ற செப்டம்பரில் அம்மா முதன்முறையாக எங்கள் வீட்டுக்கு வந்தாள். விமானக் களைப்புத் தீராத முதல் நாள் காலையிலேயே சமையலறைக் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "இது எந்த ஆத்துத் தண்ணி?"

லாஸ் ஏஞ்சலஸின் வடபகுதியான சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் பதினொரு ஆண்டுகளாக இருக்கிறேன். யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை, எனக்கும் கேட்கத் தோன்றியதில்லை. அம்மா பிறந்தது திருத்துறைப்பூண்டிப் பக்கம், காவிரியின் கடைமடை. மேட்டூர் திறந்து எத்தனை நாளில் தண்ணீர் வரும், வந்தால் முழங்காலளவா கணுக்காலளவா என்ற பேச்சிலேயே வளர்ந்தவளுக்கு, பெயர் தெரியாத தண்ணீரைக் குடிப்பது சரிப்படவில்லை.

பதில் கொஞ்சம் சிக்கலானது. இந்த நகரத்துக்குப் பல இடங்களிலிருந்து தண்ணீர் வருகிறது. கொலராடோ ஆறு உண்டு, வட கலிஃபோர்னியாவின் ஆறுகள் உண்டு, நிலத்தடி நீரும் உண்டு. ஆனால் மலையில் நன்றாகப் பனி விழுந்த ஆண்டுகளில் எங்கள் பக்கத்துக் குழாய்களில் வருவது பெரும்பாலும் ஓவன்ஸ் ஆற்றின் தண்ணீர். அந்த ஆறு இருப்பது இன்யோ கவுன்டியில், சியரா நெவாடா மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தில். "போய்ப் பாத்துட்டு வருவோமா?" என்றாள் அம்மா. அடுத்த வெள்ளிக்கிழமையே கிளம்பினோம், நாங்கள் இருவர் மட்டும்.

கவுன்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். இன்யோ பரப்பில் கலிஃபோர்னியாவின் இரண்டாவது பெரிய கவுன்டி, ஏறத்தாழ 26,000 சதுர கி.மீ. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 19,000 பேர்தான். அமெரிக்காவின் மற்ற 48 தொடர் மாநிலங்களில், அதாவது அலாஸ்காவையும் ஹவாயையும் விட்டுவிட்டால், மிக உயரமான இடமும் மிகத் தாழ்வான இடமும் இந்த ஒரே கவுன்டியில் இருக்கின்றன. மேற்கு எல்லையில் 4,421 மீட்டர் உயர விட்னி சிகரம். கிழக்கே மரணப் பள்ளத்தாக்கில் கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே இருக்கும் பேட்வாட்டர். இரண்டுக்கும் நேர்க்கோட்டில் சுமார் 135 கி.மீ. தூரம்தான்.

தெற்கிலிருந்து நெடுஞ்சாலை 395 வழியாக ஏறிப் போனால் மூன்றரை மணி நேரத்தில் அந்தப் பள்ளத்தாக்கு திறக்கிறது. இடது பக்கம் சியரா சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. வலது பக்கம் இன்யோ மலைகள், இன்னும் வடக்கே போனால் வெள்ளை மலைகள். பசிபிக் கடலிலிருந்து வரும் மேகமெல்லாம் சியராவின் மேற்குச் சரிவிலும் உச்சியிலும் பனியாகக் கொட்டித் தீர்ந்துவிடும். கிழக்குப் பக்கம் மழை மறைவுப் பிரதேசம், ஆண்டுக்கு ஒரு சாண் மழைகூடப் பெய்யாத இடங்கள் நிறைய. ஆனால் கோடையில் அந்த உச்சிப் பனி உருகி, ஓடை ஓடையாகக் கிழக்கே இறங்கி ஓவன்ஸ் ஆற்றில் சேர்கிறது. பாலைவனத்தின் நடுவே வற்றாத ஆறு. கடலுக்குப் போக வழியில்லாததால் அது தெற்கே ஒரு பெரிய ஏரியில் போய் முடிந்தது.

இந்த ஊரின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் 1905இல் தொடங்குவார்கள், நகரம் வந்து விவசாயிகளின் தண்ணீரை எடுத்துக்கொண்டது என்று. நானும் அப்படித்தான் கேள்விப்பட்டிருந்தேன். அது பாதிக் கதை. அந்த விவசாயிகளின் வாய்க்கால்களுக்கு முன்னால் அங்கே வேறு வாய்க்கால்கள் இருந்தன.

அங்கே பூர்வகாலம் தொட்டு வாழ்கிறவர்கள் பையூட் மக்கள். தங்களை நூமு என்கிறார்கள், இந்தப் பள்ளத்தாக்கைப் பயஹூனடு என்கிறார்கள். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும் இடம் என்று பொருள். இன்று பிஷப் என்ற சிற்றூர் இருக்கும் பகுதியில் அவர்கள் ஒவ்வொரு வசந்தத்திலும் ஓடையின் குறுக்கே அணை போட்டு, வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்பினார்கள். வடக்கே ஒரு பாசனப் பரப்பு, தெற்கே ஒன்று. ஒரு ஆண்டு இதற்கு, மறு ஆண்டு அதற்கு. தண்ணீர் பாய்ச்சும் பொறுப்புக்கு ஊர் கூடி ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். இதைச் சொன்னதும் அம்மா சட்டென்று "நம்ம ஊரு நீர்க்கட்டி" என்றாள். அதேதான். மடை திறக்கவும் அடைக்கவும் ஊரே ஒரு ஆளை நம்பி ஒப்படைப்பது.

அவர்கள் பாய்ச்சியது நெல்லுக்கோ கோதுமைக்கோ கிடையாது. தானாக முளைக்கும் காட்டுச் செடிகளுக்கு, கிழங்கும் விதையும் கூடுதலாகக் கிடைப்பதற்காக. அதில் முக்கியமானது தபூஸ் என்று அவர்கள் சொல்லும் ஒரு கோரைக்கிழங்கு. நம் வயல்களில் களையென்று பிடுங்கிப்போடும் கோரையின் நெருங்கிய உறவு, ஒரே பேரினம். அந்த வாய்க்கால்களின் தடம் சில இடங்களில் இன்றும் தரையில் தெரியும்.

1860களின் தொடக்கத்தில் மாடு மேய்ப்பவர்கள் வந்தார்கள். மாடுகள் மேய்ந்தது பாய்ச்சி வளர்த்த அந்தக் கோரையையும் புல் விதைகளையும்தான். 1861-62 குளிர்காலம் கடுமையாக இருந்தது. உணவு போன மக்கள் மாடுகளைப் பிடித்துத் தின்றார்கள், துப்பாக்கிகள் வந்தன. ராணுவம் வந்து, சேமித்து வைத்திருந்த தானியங்களைத் தேடித் தேடி அழித்தது. 1862 ஜூலை 4ஆம் தேதி அமைத்த முகாமுக்கு சுதந்திர நாளின் பெயரையே வைத்தார்கள். இன்று கவுன்டியின் தலைநகரான இண்டிபென்டன்ஸ் என்ற ஊருக்குப் பெயர் அங்கிருந்து வந்தது. 1863 மார்ச்சில் ஏரிக்கரையில் முப்பதுக்கும் மேற்பட்ட பையூட்களைத் தண்ணீருக்குள் துரத்திச் சுட்டுக் கொன்றார்கள். அதே ஆண்டு ஜூலை வெயிலில் ஏறத்தாழ ஆயிரம் பேரைக் குழந்தை குட்டிகளோடு தெற்கே தேஹோன் கோட்டைக்கு நடத்திக்கொண்டு போனார்கள். வழியில் செத்தவர்கள் உண்டு, தப்பி ஓடியவர்கள் உண்டு. பிழைத்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தபோது அவர்களுடைய வாய்க்கால்களில் வேறு ஆட்களின் பண்ணைக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பண்ணைகளிலேயே கூலிக்குச் சேர்ந்தார்கள்.

1866இல் கவுன்டி உருவானது. அப்புறம் வெள்ளிக் காலம். ஏரிக்குக் கிழக்கே செர்ரோ கோர்டோ மலையில் தோண்டிய வெள்ளியும் ஈயமும் பாளம் பாளமாக இறங்கின. 1872இல் 'பெஸ்ஸி பிரேடி' என்ற நீராவிப் படகு அவற்றை ஏற்றி ஏரியின் குறுக்கே கொண்டுபோனது. அங்கிருந்து கோவேறு கழுதை வண்டிகள் லாஸ் ஏஞ்சலஸுக்கு இழுத்துச் சென்றன. அப்போது அது ஒரு சின்ன ஊர், அதன் ஆரம்ப காலப் பிழைப்பில் இந்த வண்டிப் போக்குவரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. தண்ணீருக்கு முன்பே வெள்ளி போய்விட்டது. அதே 1872 மார்ச் 26 விடியற்காலை பெரிய நிலநடுக்கம் வந்து, லோன் பைன் ஊரில் மண்ணாலும் கல்லாலும் கட்டிய வீடுகளெல்லாம் சரிந்து 27 பேர் இறந்தார்கள். ஊருக்கு வடக்கே நெடுஞ்சாலை ஓரத்து மேட்டில் அவர்களில் பதினாறு பேரைச் சேர்த்துப் புதைத்த இடம் இருக்கிறது. அம்மா அங்கே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள்.

லோன் பைனில் இரவு தங்கினோம். காலையில் கதவைத் திறந்தால் விட்னி சிகரத்தின் மேல் முதல் வெயில், கீழே அலபாமா குன்றுகள் இன்னும் நிழலில். உருண்டையான செம்பழுப்புப் பாறைகள். அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் தென்மாநில ஆதரவாளர்கள் தங்கள் போர்க்கப்பலின் பெயரை அவற்றுக்கு வைத்தார்கள். அந்தக் கப்பலை 1864இல் வடக்கின் கியர்சார்ஜ் கப்பல் மூழ்கடித்ததும், வட மாநில ஆதரவாளர்கள் மேலே இருந்த சிகரத்துக்கும் கணவாய்க்கும் கியர்சார்ஜ் என்று பெயர் வைத்துவிட்டார்கள். இந்தக் குன்றுகளில் நூற்றுக்கணக்கான சினிமாக்கள் எடுத்திருக்கிறார்கள். 1938இல் இந்தியாவின் வடமேற்கு எல்லைப்புறமாகவும் இவை நடித்திருக்கின்றன.

இனி 1905க்கு வரலாம். ஃப்ரெட் ஈட்டன் லாஸ் ஏஞ்சலஸின் முன்னாள் மேயர். நகரத்துக்கு உள்ளூர் ஆறு போதாது, ஓவன்ஸ் தண்ணீரைக் கொண்டு வரலாம் என்ற எண்ணம் அவருடையது. அந்தச் சமயத்தில் மத்திய அரசின் பாசனத் துறை ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் விவசாயிகளுக்கென்றே ஒரு நீர்த்திட்டம் ஆராய்ந்துகொண்டிருந்தது. அதன் கலிஃபோர்னியப் பொறுப்பில் இருந்த பொறியாளர் ஜோசஃப் லிப்பின்காட். அவரே நகரத்திடம் பணம் வாங்கிக்கொண்டு ஆலோசகராகவும் வேலை பார்த்தார். ஈட்டன் வந்து நிலத்தையும் நீர் உரிமையையும் வாங்கியபோது, அரசுத் திட்டத்துக்காகத்தான் வாங்குகிறார் என்று விவசாயிகள் பலர் நம்பினார்கள். தேவையானதெல்லாம் கைக்கு வந்த பிறகு, 1905 ஜூலை 29 அன்று செய்தித்தாளில் வந்தது: நகரத்துக்கு ஒரு ஆறே கிடைக்கப் போகிறது என்று.

பின்னாலும் அரசு நகரத்தின் பக்கமே நின்றது. புதிதாக யாரும் குடியேறி நிலம் கேட்டுவிடக் கூடாது என்று, மரமே இல்லாத பள்ளத்தாக்குத் தரையையும் சேர்த்துத் தேசியக் காடு என்று எல்லை வரைந்தார்கள். நிலம் விற்றவர்கள் கையெழுத்துப் போட்டுத்தான் விற்றார்கள், பணமும் வாங்கினார்கள். சட்டத்தின் கண்ணில் அது வியாபாரம். யாருக்காக வாங்குகிறோம் என்பதைச் சொல்லாமல் வாங்குவதை நான் வியாபாரம் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கால்வாயைக் கட்டிய வில்லியம் முல்ஹாலண்ட் அயர்லாந்தில் பிறந்தவர், லாஸ் ஏஞ்சலஸில் வாய்க்கால் தூர் எடுக்கும் வேலையில் தொடங்கி, படித்துத் தானே பொறியாளரானவர். 375 கி.மீ. நீளம், பாலைவனமும் மலையும் தாண்டி. ஒரு இடத்தில்கூடத் தண்ணீரை மேலேற்ற பம்பு கிடையாது, முழுக்கச் சாய்மானத்திலேயே ஓடுகிறது. பள்ளங்களில் இறங்கி ஏறப் பிரம்மாண்டமான இரும்புக் குழாய்கள், அவற்றை இழுத்துவர 52 கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டி. பொறியியலாகப் பார்த்தால் கைகூப்பத் தோன்றும், அதை மறைக்க நான் விரும்பவில்லை. 1913 நவம்பர் 5 அன்று எங்கள் வீட்டிலிருந்து பதினைந்து நிமிடத் தூரத்தில் இருக்கும் சில்மார் சரிவில் முதல் தண்ணீர் குதித்து இறங்கியபோது முல்ஹாலண்ட் பேசியது சில வார்த்தைகள்தான்: "அதோ இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள்." அதே ஆண்டு ஜூலை 10 அன்று அதே இன்யோவின் மரணப் பள்ளத்தாக்கில் 56.7 டிகிரி செல்சியஸ் பதிவானது. உலகில் இதுவரை பதிவான மிக உயர்ந்த வெப்பநிலை என்று இன்றும் ஏடுகளில் இருப்பது அந்த எண்தான்.

அந்தத் தண்ணீர் முதலில் வளர்த்தது நகரத்தைக் கூட இல்லை, எங்கள் சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கை. கால்வாய்ச் செய்தி வருவதற்கு முன்னாலேயே, விஷயம் தெரிந்த பத்திரிகை முதலாளிகளும் ரயில் முதலாளிகளும் இங்கே மலிவாக நிலம் வாங்கிப் போட்டிருந்தார்கள். 1915இல் இந்தப் பள்ளத்தாக்கு நகரத்தோடு சேர்ந்தது, தண்ணீர் வந்தது, விலை ஏறியது. என் வீட்டுப் பத்திரத்தில் அந்த வரலாறு எழுதியிருக்காது. ஆனால் வீடு நிற்பது அந்த மண்ணில்தான்.

1920களில் வறட்சி வந்ததும் நகரம் மேலும் மேலும் பண்ணைகளை வாங்கியது. 1924 மே மாதம் யாரோ கால்வாயில் வெடி வைத்தார்கள். அந்த நவம்பர் 16 அன்று எழுபது பேர் லோன் பைனுக்கு வடக்கே உள்ள அலபாமா மதகைக் கைப்பற்றி, தண்ணீரைப் பழைய ஆற்றிலேயே திருப்பிவிட்டார்கள். நான்கு நாள் மதகு ஊர்க்காரர்கள் கையில் இருந்தது. பெண்கள் சமைத்து எடுத்து வந்தார்கள், பிள்ளைகள் வந்தார்கள், பக்கத்தில் படப்பிடிப்பில் இருந்த நடிகர் டாம் மிக்ஸ் தன் வாத்தியக் குழுவை அனுப்பிவைத்தார். அந்த மதகு இன்றும் நெடுஞ்சாலையிலிருந்தே தெரியும். அம்மாவுக்கு அந்த இடம்தான் மிகவும் பிடித்தது. "மதகைத் தொறந்தவன் எந்த ஊர்லயும் சும்மா தொறக்க மாட்டான்" என்றாள்.

போராட்டத்தை முன்னின்று நடத்தியவர்கள் வாட்டர்சன் சகோதரர்கள், வில்ஃப்ரெடும் மார்க்கும். கவுன்டியின் வங்கி அவர்களுடையது. 1927இல் வெடிகள் மீண்டும் வெடித்தன. அந்த ஆகஸ்டில் வங்கி மூடியது. கணக்கைப் பார்த்தால் மக்கள் போட்ட பணத்தை அண்ணன் தம்பி இருவரும் கையாடியிருந்தார்கள். ஊரைக் காப்பாற்றச் செலவழித்தோம் என்று சொன்னார்கள், சான் குவென்டின் சிறைக்குப் போனார்கள். சேமிப்பு போன குடும்பங்கள் மிச்ச நிலத்தையும் விற்றுவிட்டுக் கிளம்பின. போராட்டம் அதோடு உட்கார்ந்துவிட்டது. அடுத்த ஆண்டு, 1928 மார்ச் 12 நள்ளிரவுக்குச் சற்று முன், கால்வாய்த் தண்ணீரைத் தேக்க முல்ஹாலண்ட் லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே கட்டிய செயின்ட் ஃபிரான்சிஸ் அணை உடைந்து நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்று பகலில்தான் அவர் அணையைப் பார்வையிட்டு ஆபத்தில்லை என்று சொல்லியிருந்தார். செத்தவர்களைப் பார்த்துத்தான் எனக்குப் பொறாமையாக இருக்கிறது என்று அவர் விசாரணையில் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. குற்றத்தைத் தன் மேலேயே போட்டுக்கொண்டார்.

மான்ஸனாருக்கு நாங்கள் மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். ஸ்பானிஷில் ஆப்பிள் தோப்பு என்று பொருள். 1910இல் அங்கே பழத்தோட்டக்காரர்களின் ஒரு சின்ன ஊர் முளைத்தது. ஆப்பிளும் பேரிக்காயும் நன்றாக விளைந்தன. நகரம் நிலத்தை வாங்கியது, 1929 வாக்கில் ஊர் காலி. மரங்கள் மட்டும் நின்றன.

1942இல், ஜப்பானோடு நடந்த போரின்போது, ஜப்பானிய வம்சாவளியினர் அத்தனை பேரையும் மேற்குக் கரையிலிருந்து அகற்ற ஆணை வந்ததும், இந்த நிலம்தான் அவர்களை அடைத்துவைத்த பத்து முகாம்களில் ஒன்றானது. நில உரிமையாளர் லாஸ் ஏஞ்சலஸ் நகரம். உள்ளே வந்தவர்களிலும் பெரும்பாலோர் லாஸ் ஏஞ்சலஸ்காரர்கள். தண்ணீர் இங்கிருந்து அங்கே போன வழியில், மனிதர்களை அங்கிருந்து இங்கே கொண்டுவந்தார்கள். ஒரு சதுர மைல் முள்வேலிக்குள் பத்தாயிரம் பேர். சுற்றி எட்டுக் காவல் கோபுரங்கள். தார்த்தாள் ஒட்டிய 504 கொட்டகைகள், ஒவ்வொன்றும் நான்கு அறை, இருபதுக்கு இருபத்தைந்து அடி அறையில் எட்டுப் பேர். பலகை இடுக்கு வழியாக இரவெல்லாம் மண் உள்ளே வரும். காலையில் எழுந்தால் தலையணையில் தலை இருந்த இடம் தவிர மற்றதெல்லாம் மண் என்று அங்கே இருந்தவர்கள் நினைவு கூர்ந்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பான்மையோர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். யார் மீதும் வழக்கு இல்லை.

மான்ஸனாரில் என்னை நிறுத்திவைத்தது தோட்டங்கள். உணவுக்கூடத்துக்கு வெளியே மணிக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது, நிற்கும் இடத்தில் பார்க்க ஏதாவது இருக்கட்டும் என்று கல்லும் சிமென்டும் தேடிக் குளங்கள் அமைத்தார்கள். சின்னப் பாலம், நீர்வீழ்ச்சி, தீவு. பல தோட்டங்களைப் பின்னால் மண் மூடிவிட்டது, சமீப ஆண்டுகளில்தான் தோண்டி எடுத்தார்கள். முன்பிருந்த விவசாயிகள் விட்டுப்போன பேரி மரங்களையும் அவர்களே கவாத்து செய்து காய்க்க வைத்தார்கள். அந்த மரங்களில் சில இன்றும் காய்க்கின்றன. நாங்கள் போனபோது கீழே பழம் விழுந்து கிடந்தது.

அங்கே கோபமும் இருந்தது. சமையற்கூடத்தில் வேலை செய்த ஹாரி உவேனோ, முகாமுக்கு வரும் சர்க்கரையையும் இறைச்சியையும் அதிகாரிகள் திருடுகிறார்கள் என்று சொன்னார். 1942 டிசம்பரில் அவரைக் கைது செய்ததும் கூட்டம் கூடியது, ராணுவக் காவலர்கள் சுட்டதில் இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள். இன்னொருவரையும் சொல்ல வேண்டும். ரால்ஃப் லாஸோ என்ற பதினேழு வயதுப் பையன், மெக்சிகோ-அயர்லாந்து வம்சாவளி, முகாமுக்குப் போக வேண்டிய அவசியமே இல்லாதவன். பள்ளித் தோழர்கள் போகிறார்கள் என்பதற்காகத் தானும் ரயிலேறிப் போனான். தோயோ மியாதாகே என்ற புகைப்படக்காரர் ஒரு லென்ஸை ஒளித்துக் கொண்டுவந்து, மரப்பெட்டியில் கேமரா செய்து படமெடுத்தார்.

முகாமின் மேற்கு ஓரத்தில் இடுகாடு. 1943இல் ரியோஸோ காடோ என்ற கொத்தனாரின் கைவேலையில் எழுந்த வெள்ளைத் தூண். அதில் கறுப்பு எழுத்தில் மூன்றே எழுத்து, ஆவிகளை அமைதிப்படுத்தும் கோபுரம் என்று பொருள். பின்னால் சியரா. அடியில் யார் யாரோ வைத்த நாணயங்கள், காகிதக் கொக்குகள், கூழாங்கற்கள். அம்மா கைப்பையைத் துழாவி ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து வைத்தாள். 1988இல் அரசு மன்னிப்புக் கேட்டு, அப்போது உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் கொடுத்தது. 1992இல் இந்த இடம் தேசிய வரலாற்றுத் தலமானது. 1969 முதல் ஆண்டுதோறும் ஏப்ரலில் இங்கே யாத்திரை வருகிறார்கள்.

அன்று மாலை ஏரிக்குப் போனோம். ஏரி என்று வரைபடத்தில் இருக்கிறது. 1913க்குப் பிறகு பதினைந்து ஆண்டு கூட ஆகாமல் அது வற்றிப்போனது. பையூட் மொழியில் பாட்சியாட்டா. நீராவிப் படகு ஓடிய இடத்தில் உப்பும் நுண்மண்ணும். காற்றடித்தால் ஆர்சனிக் கலந்த வெள்ளைத் தூசு மேகமாக எழுந்து கரையோரச் சிற்றூர்களான கீலரையும் ஓலாஞ்சாவையும் மூடியது. நாட்டிலேயே மிக மோசமான தூசுக் காற்று பல காலம் இந்தப் பக்கத்தில்தான் பதிவானது. காற்றுத் தூய்மைச் சட்டம் வந்து, உள்ளூர் அதிகாரிகள் விடாமல் மல்லுக்கட்டி, 2000க்குப் பிறகு நகரம் ஏரித் தரையை அடக்கும் வேலையில் இறங்கியது. சில இடத்தில் ஆழமில்லாமல் தண்ணீர் நிறுத்துகிறார்கள், சில இடத்தில் சரளைக்கல் பரப்புகிறார்கள், சில இடத்தில் உப்புப்புல் வளர்க்கிறார்கள். இதுவரை 200 கோடி டாலருக்கு மேல் செலவு. எதிர்பாராத விதமாக, அந்த ஆழமற்ற நீரில் உப்பு ஈக்கள் பெருகின, ஈக்களைத் தேடி வலசைப் பறவைகள் ஆயிரமாயிரமாகத் திரும்ப வந்தன.

கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அம்மா அதைச் சொன்னாள். "நம்ம ஊர்ல கடைமடைக்குத்தான் தண்ணி வராது. தலைமடைக்காரன் நல்லா இருப்பான். இங்க என்னடி, தலைமடையே காஞ்சு கிடக்கு, கடைமடைல புல்தரைக்குத் தண்ணி அடிக்கிறீங்க." எனக்குப் பதில் வரவில்லை. எங்கள் வீட்டு முன்னால் புல்தரை உண்டு.

மறுநாள் வடக்கே பிஷப் வரை போனோம். கவுன்டியில் நகராட்சி அந்தஸ்துள்ள ஒரே ஊர், நாலாயிரம் பேர்கூட இல்லை. மே மாதக் கடைசியில் கோவேறு கழுதைகளுக்கென்றே அங்கே ஒரு திருவிழா நடக்கிறது. இந்தக் கவுன்டியில் தனியார் கையில் உள்ள நிலம் நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. பெரும்பகுதி மத்திய அரசு, அடுத்து லாஸ் ஏஞ்சலஸ் நகரம், சுமார் இரண்டரை லட்சம் ஏக்கர். ஊருக்குள்ளேயே காலி மனைகள் நகரத்துடையவை. வீடு கட்ட இடமில்லை, பிள்ளைகள் வெளியூர் போகிறார்கள், கடை வைத்திருப்பவர் இருநூற்றைம்பது மைலுக்கு அப்பாலிருக்கும் நகராட்சித் துறையிடம் குத்தகை புதுப்பிக்கிறார். அங்கே ஒரு வாதமும் கேட்டேன்: நகரம் வாங்கியதால்தான் இந்தப் பள்ளத்தாக்கு கட்டடக் காடாகாமல் தப்பியது என்று. கண்ணால் பார்த்தால் அது உண்மைதான், இவ்வளவு திறந்த வெளி கலிஃபோர்னியாவில் அபூர்வம். ஆனால் அதைச் சொல்லும் உரிமை அங்கே வசிப்பவர்களுக்குத்தான் உண்டு, எங்களுக்கு இல்லை.

பிஷப் பையூட்களின் ஒதுக்கீட்டு நிலம் 875 ஏக்கர். 1912இல் இந்தப் பள்ளத்தாக்கில் அவர்களுக்கென 67,000 ஏக்கர் ஒதுக்கிய ஆணை இருந்தது, 1932இல் நகரத்தின் நீர்ப்பிடிப்புக்காக அது ரத்தானது. 1930களின் கடைசியில் நகரத்தோடு நிலப் பரிமாற்றம் நடந்தபோது நிலம் கைமாறியது, நீர் உரிமை கைமாறவில்லை. அந்தக் கணக்கு இன்றும் தீரவில்லை. தண்ணீர் ஓடும் இடம் என்று தங்கள் நாட்டுக்குப் பெயர் வைத்தவர்கள், எங்கள் தண்ணீர் எங்கே என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பிஷப்புக்கு வடக்கே ஒரு சதுப்பு நிலம் இருக்கிறது. ஓவன்ஸ் பப்ஃபிஷ் என்ற விரல் நீள மீன் அழிந்தே போய்விட்டது என்று நினைத்திருந்தார்கள், 1964இல் அங்கே மறுபடி கண்டுபிடித்தார்கள். 1969 ஆகஸ்டில் அந்தக் குட்டையும் வற்றத் தொடங்கியபோது, ஃபில் பிஸ்டர் என்ற மாநில மீன்வளத் துறை உயிரியலாளர் மிச்சமிருந்த எண்ணூறு மீன்களை இரண்டு வாளிகளில் எடுத்துக்கொண்டு சேற்றில் நடந்தார். ஒரு முழு உயிரினம் அவருடைய இரு கைகளில். தடுக்கி விழுந்திருந்தால் அத்தோடு முடிந்தது. விழவில்லை, மீன் இன்னும் இருக்கிறது.

ஆறும் கொஞ்சம் இருக்கிறது. 1970இல் நகரம் இரண்டாவது கால்வாயையும் திறந்து நிலத்தடி நீரையும் உறிஞ்சத் தொடங்க, ஊற்றுகள் வற்றின. 1972இல் இன்யோ கவுன்டி நீதிமன்றம் போனது. வழக்கு, ஒப்பந்தம், மறுபடி வழக்கு என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் இழுத்து, 2006 டிசம்பரில் பழைய ஆற்றுப் படுகையில் மீண்டும் தண்ணீர் விட்டார்கள், சுமார் 100 கி.மீ. தூரத்துக்கு. பழைய வெள்ளத்தோடு ஒப்பிட்டால் சின்ன ஓட்டம்தான்.

திரும்பும் வழியில் லோன் பைனுக்குக் கிழக்கே மண் சாலையில் இறங்கி அந்த ஆற்றைத் தேடிப் போனோம். இரு கரையும் சம்பங்கோரை, நடுவில் தெளிந்த தண்ணீர், ஒரு நாரை. அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் வரை இறங்கினாள். குனிந்து ஒரு கை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள்.

"இதுதான் நம்ம வீட்டுக்கு வருதா?"

நேராக வராது என்று சொன்னேன். ஏரிக்குச் சற்று முன்னால் ஒரு பம்பு நிலையம் இருக்கிறது. அங்கே இந்தத் தண்ணீரில் பெரும்பகுதியை மறுபடி மேலே இழுத்துவிடுவார்கள். தூசு அடக்கக் கொஞ்சம் போகும், மிச்சம் கால்வாயில் சேரும்.

"நமக்கு முன்னாடியே ஊருக்குப் போயிடுமா?"

"இல்லம்மா. நாமதான் முதல்ல போவோம். அது ஹைவீ நீர்த்தேக்கத்துல தங்கிட்டு, மெதுவா வரும்."

"சரி, வரட்டும்" என்றாள். ஆனால் கரையேறவில்லை. நான் காரிலிருந்து துண்டு எடுத்து வந்து வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன்.